மறுபடியும் டிரம்ஸ்

மாப்ள,

எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? பொங்கலுக்குப் பிறகு எழுதவே இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

மூன்று வாரமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். நம்ம பேஸ் கிட்டார்காரன் போன பிறகு போர்வையைப் போட்டு மூடி மாடி அறையில் தள்ளினேனே, அதே செட்தான். ஸ்நேர் டிரம்முக்குத் தோல் மட்டும் மாற்றினேன். முதல் நாள் பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு கழன்றுவிட்டது, ஆனால் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அது ரொம்ப நாளாக நடக்காதது.

ஹாஸ்டலில் அவன் ஒரு கேசட்டைத் தேயத் தேயப் போடுவானே, ஃபூ ஃபைட்டர்ஸ் முதல் ஆல்பம், அதைத்தான் திரும்பக் கேட்க ஆரம்பித்தேன். அந்த வயதில் சத்தம் பிடித்தது, அவ்வளவுதான். அது எப்படி உண்டானது என்பது இப்போதுதான் உறைக்கிறது. நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் இறந்த பிறகு, அதே குழுவில் டிரம்ஸ் வாசித்த டேவ் குரோலுக்கு டிரம்ஸ் பக்கம் போகவே மனம் வரவில்லை. அயர்லாந்துக்குப் போய் கெர்ரி பக்கம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர், லிஃப்ட் கேட்டு நின்ற ஒரு பையனை ஏற்றிக்கொள்ளலாம் என்று நெருங்கினால் அவன் டி-ஷர்ட்டில் கோபேனின் முகம். எங்கே ஓடினாலும் இது கூடவே வரும் என்று புரிந்து வீடு திரும்பினார்.

அக்டோபரில் சியாட்டில் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் ஒரு வாரத்துக்குள் அந்த ஃபூ ஃபைட்டர்ஸ் ஆல்பம் முழுவதும். முதலில் டிரம்ஸ், அப்புறம் கிட்டார், பேஸ், பாட்டு, எல்லாம் அவரே. ஒரே ஒரு பாட்டில்தான் வேறொரு குழுவின் பாடகர் கிரெக் டல்லி கொஞ்சம் கிட்டார் வாசித்திருக்கிறார். குரோல் தன் குரலில் நம்பிக்கை போதாமல் அதன் மேலேயே திரும்பப் பாடி அடுக்கியிருக்கிறார். கேசட்டுகளில் பதிந்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்தபோது தன் பெயரைக்கூடப் போடவில்லை. 1995 ஜூலையில்தான் ஆல்பமாக வந்தது.

'திஸ் இஸ் எ கால்' கேள். மெதுவாகத் தொடங்கி டிரம்ஸ் வந்து விழுகிற அந்த இடத்தில் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. கடைசிப் பாட்டு 'எக்ஸாஸ்டட்' ராத்திரியில் ஹெட்போனில். 1997-இல் வந்த 'எவர்லாங்' உனக்கு மனப்பாடம், ஆனால் இந்த முறை கிட்டாரை விட்டுவிட்டு ஹை-ஹாட்டை, அந்த ஜோடித் தட்டை, மட்டும் கவனி, அதிலும் டிரம்ஸ் அவர்தான். நான் தினமும் அதோடு மல்லுக்கட்டுகிறேன், பாதி வேகம்கூட வரவில்லை.

பிறகு ஃபூ ஃபைட்டர்ஸ் முழுக் குழுவாகிவிட்டது. 2022 மார்ச்சில் அவர்கள் டிரம்மர் டெய்லர் ஹாக்கின்ஸ் இறந்துபோனார், அதே வருஷம் குரோலின் அம்மாவும். அடுத்த வருஷம் வந்த 'பட் ஹியர் வீ ஆர்' ஆல்பத்தில் டிரம்ஸ் முழுக்க குரோலே வாசித்தார். நண்பனின் இடத்தில் அவரே போய் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு அதை நினைத்தாலே என்னவோ செய்கிறது. அதில் 'தி டீச்சர்' பத்து நிமிஷப் பாட்டு. அவர் அம்மா பள்ளி ஆசிரியை. உங்கள் அம்மாவும் டீச்சர்தானே, அதனால் தனியாக உட்கார்ந்து கேள்.

சரி, டிசம்பரில் வரும்போது உன் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு வா. பேஸ் இல்லாமலே வாசிப்போம். அவனுடைய ஆம்ப் என்னிடம்தான் இருக்கிறது, அதில் உன் கிட்டாரைச் செருகிக்கொள்ளலாம்.