பாவா வேறு, மாமா வேறு

ஆசிரியருக்கு,

தெலுங்குக் கிராமத்துக் கதைகள் டப்பிங்கிலும் சப்டைட்டிலிலும் தமிழுக்கு நிறைய வருகின்றன. காதல் வந்து சேர்ந்துவிடுகிறது. அது ஏன் சிக்கலாகிறது என்பதுதான் வழியில் உதிர்ந்துவிடுகிறது. பெரும்பாலும் சில சொற்கள்தான் காரணம்.

முதலில் 'பாவா'. வயதில் மூத்த அத்தை மகன், தாய்மாமன் மகன், அக்கா கணவர் எல்லாரும் தெலுங்கில் பாவா. தாய்மாமனும் மாமனாரும் மாமா. 1925இல் நூலாக வந்த நண்டூரி சுப்பாராவின் 'எங்கி பாட்டலு' என்ற காதல் பாடல் தொகுப்பில் நாயகி எங்கி தன் ஆளை அழைப்பது 'நாயுடு பாவா' என்றுதான். முறை கொண்டாடும் உரிமையும் கேலியும் அந்த விளியிலேயே இருக்கின்றன. டப்பிங்கில் இது 'மாமா' ஆகிவிடும். உதட்டசைவுதான் காரணம்: 'பா', 'மா' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும், நீளமும் சமம். ஆனால் அடுத்த காட்சியில் பெண்ணின் தாய்மாமன் வந்தால் அவரும் 'மாமா'. யார் முறைப்பையன் என்பதே புரியாது. 'அத்தான்' சரிப்படாது, உதடு மூடவே மூடாது. 'மச்சான்' பொருந்தும், முதல் எழுத்து குறில் என்பதால் குளோசப்பில் மட்டும் சற்று இழுத்துப் பேச வேண்டும்.

அடுத்து 'கவுலு ரைத்து'. சப்டைட்டிலில் வெறும் 'விவசாயி' என்று போகிறது. நம்மிடம் குத்தகைக்காரர் என்ற சொல் இருக்கிறதே! கோதாவரி டெல்டாவில் ஏக்கருக்கு இத்தனை மூட்டை நெல் என்று முன்பே பேசிக்கொள்வார்கள். புயலில் கதிர் சாய்ந்தாலும் அந்தக் கணக்கு லேசில் குறையாது. இது தெரியாவிட்டால், ஐந்து ஏக்கர் குத்தகைக்கு நடுகிறவனுக்குப் பெண் தர மறுக்கும் அப்பா வெறும் வில்லனாகிவிடுகிறார். 'பாலேரு'வும் அப்படியே: வருஷத்துக்குப் பேசி அமர்த்திய பண்ணையாளை 'வேலைக்காரன்' என்கிறார்கள். காளீபட்னம் ராமாராவின் 'யக்ஞம்' போல ஒரு கடன் பஞ்சாயத்தையே மையமாகக் கொண்ட கதையில் இப்படிப்பட்ட சொல் ஒன்று தவறினாலும் கதை நிற்காது.

வட்டார வழக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'என்ன' என்பதற்கு ஸ்ரீகாகுளத்தில் 'ஏட்டி', தெலங்கானாவில் 'ஏந்தி', கோதாவரிக் கரையில் 'ஏண்டி' (நம் ஏண்டி அல்ல!). தமிழில் எல்லாரும் மதுரைக்காரர்களாகிவிடுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்த பாத்திரத்துக்காவது வேறு வழக்கு கொடுத்தால், ஊர்க்காரர்கள் அவரை ஏன் கேலி செய்கிறார்கள் என்பது புரியும்.

தங்கள் சினிமா பக்கத்தில் டப்பிங் படங்களை விமர்சிக்கும்போது, தமிழ் வசனம் எழுதியவர் பெயரையும் போட்டு அந்த வேலையையும் எடைபோடுங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள வாசகர்கள்