அது ராஜினாமா அல்ல, ஆட்குறைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மந்தநிலை என்றதும் ஐ.டி. நிறுவனங்களில் ஆட்குறைப்பு என்று செய்தி வருகிறது. செய்தியின் கடைசி வரியில் நிறுவனத்தின் மறுப்பும் வருகிறது: யாரையும் நீக்கவில்லை, சிலர் தாமாகவே விலகினார்கள் என்று. காகிதத்தில் பார்த்தால் அது பொய்யும் அல்ல. வெளியேறிய பொறியாளர்களின் ராஜினாமாக் கடிதம் ஹெச்.ஆர். (மனிதவளத் துறை) கோப்பில் பத்திரமாக இருக்கும். கையெழுத்துப் போட்டவர் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அந்த ஒற்றைச் சொல்லுக்குச் சில லட்ச ரூபாய் விலை.

அந்தக் கடிதம் வாங்கப்படும் விதம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். காலண்டரில் திடீரென்று அரை மணி நேர மீட்டிங் வந்து விழும். தலைப்பில் விஷயம் இருக்காது. உள்ளே மேலாளர், ஹெச்.ஆரிலிருந்து இருவர், ஏற்கெனவே டைப் செய்த இரண்டு வரி. இன்றே கையெழுத்துப் போட்டால் நல்ல ரிலீவிங் லெட்டர். மறுத்தால் டெர்மினேஷன், அடுத்த கம்பெனியின் பேக்ரவுண்டு வெரிஃபிகேஷனில் அடிபடும் என்பார்கள். வீட்டுக்கடன் கண்முன் நிற்கும். பேனா தானாக நகர்ந்துவிடும். சாயங்காலத்துக்குள் லேப்டாப் முடங்கிவிடும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும், அதற்கு முன் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திலும் ஆட்குறைப்புக்கு நிபந்தனைகள் உண்டு. ஓராண்டு தொடர் பணி முடித்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம், கூடவே அரசுக்கு அறிவிப்பு. கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும். அதை மாற்றினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். புதிய தொகுப்பு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. மறுதிறன் பயிற்சிக்காக 15 நாள் ஊதியத்தை நிறுவனம் ஒரு நிதியில் செலுத்த வேண்டும். ஆட்குறைப்பு நடந்த 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வந்துசேர வேண்டும். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தவருக்கு இதில் எதுவும் கிடையாது.

12 ஆண்டு பணிபுரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்கில் வரும் ஊதியம் மாதம் 60,000 ரூபாய். அரை மாத ஊதியம் சுமார் 30,000 என்றால் 12 ஆண்டுக்கு இழப்பீடு 3,60,000. நோட்டீஸ் சம்பளம், மறுதிறன் நிதி 30,000 இவை தனி. கிராஜுவிட்டி (பணிக்கொடை) மட்டும் ராஜினாமா செய்தாலும் உண்டு என்பதால் அதைக் காட்டி, எல்லாம் கொடுத்துவிட்டோம் என்பார்கள். அது ஏற்கெனவே அவருடைய பணம்.

"நான் இன்ஜினீயர், லட்ச ரூபாய் சம்பளக்காரன், நான் எப்படித் தொழிலாளி ஆவேன்" என்பது பலருடைய கேள்வி. சட்டத்தின் வரையறையிலேயே தொழில்நுட்ப வேலை என்ற சொல் இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும்தான் விலக்கு. அந்தச் சம்பள வரம்பு மேற்பார்வையாளருக்கு மட்டுமே உரியது; கோடு எழுதுபவருக்கும், டெஸ்டிங் செய்பவருக்கும், டிசைன் வரைபவருக்கும் அல்ல. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டிருந்தாலும், ஆள் எடுக்க, விடுப்பு கொடுக்க, அப்ரைசல் போட அதிகாரம் இருந்ததா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். எனவே என்ன வேலை செய்தோம் என்று காட்டும் மெயில்களும் அப்ரைசல் படிவங்களும் முக்கியம்.

அந்த மீட்டிங்கில் செய்ய வேண்டியது ஒன்றே: அன்று கையெழுத்துப் போடாமல் வெளியே வருவது. படித்துப் பார்க்க இரண்டு நாள் வேண்டும் என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை. அன்று மாலையே சொந்த மெயிலிலிருந்து ஹெச்.ஆருக்கு நான்கு வரி போக வேண்டும். இன்ன தேதி, இன்ன நேரம், இன்னார் முன்னிலையில் ராஜினாமா கேட்கப்பட்டது. எனக்கு விலகும் எண்ணம் இல்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். ஆட்குறைப்பு என்றால் அதற்கான கடிதம் தாருங்கள். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா ராஜினாமாவே அல்ல என்று வாதாட முடியும். ஆனால் கட்டாயம் இருந்ததை நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில்தான். ஆறு மாதம் கழித்துச் சொல்லும் வாக்குமூலத்தைவிட அன்று மாலை போன மெயிலுக்கு எடை அதிகம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் இதே மெயிலை மறுநாளே அனுப்பலாம். தொழிலாளர் துறைச் சமரச அதிகாரியிடம் போவதையும் தள்ளிப்போடக் கூடாது. பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. இப்போது தகராறு எழுந்து இரண்டு ஆண்டு தாண்டினால் சமரச அதிகாரி அதை எடுத்துக்கொள்ள முடியாது.

சிலருக்கு மீட்டிங்குக்கு முன்பே பி.ஐ.பி. வரும். செயல்திறனை மேம்படுத்தும் திட்டம் என்று பெயர். பல இடங்களில் அது வெளியேற்றத்துக்கான கோப்பு தயாரிப்பு. பிராஜெக்ட் தராமல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பில்லிங் (கிளையன்ட் பணம் தரும் வேலை) இல்லை என்று மதிப்பெண் குறைப்பதும் நடக்கிறது. இலக்கை எண்ணாகவும் தேதியாகவும் எழுத்தில் கேளுங்கள். பிராஜெக்டே கொடுக்காத இலக்கு என்றால், இன்று வரை பிராஜெக்ட் ஒதுக்கப்படவில்லை என்று வாரம் ஒரு மெயில் போடுங்கள்.

ஆவணங்களில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பே ஸ்லிப், நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், படிவம் 16, விடுப்பு இருப்பு, வராத செலவுத்தொகை விவரம் ஆகியவை கம்பெனி போர்ட்டலில் இருக்கும். ஒருநாள் திடீரென்று கதவு மூடிவிடும். இவற்றை மாதாமாதம் இறக்கி வைப்பது பழக்கமாக வேண்டும். ஆனால் பதற்றத்தில் சோர்ஸ் கோடையும் கிளையன்ட் கோப்புகளையும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இழப்பீடு தர வேண்டிய நிறுவனத்துக்கு, ஒழுங்கீனம் என்று சொல்லி ஒரு பைசா தராமல் அனுப்ப நாமே காரணம் எடுத்துக் கொடுப்பது அது. பி.எஃப். கணக்கில் பதிவான மொபைல் எண் சொந்த எண்தானா என்பதையும் வேலையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

பேரம் பேசும் நிலை வந்தால் தொகையை மட்டும் பேசாதீர்கள். நோட்டீஸ் காலத்துக்கு மொத்தமாகப் பணம் வாங்குவதைவிட, வேலைக்கு வராமலே அத்தனை நாளும் சம்பளப் பட்டியலில் இருப்பது மேல். பி.எஃப். தொடரும், குழு மருத்துவக் காப்பீடு தொடரும், நேர்காணலில் இப்போதும் பணியில் இருக்கிறேன் என்று உண்மையாகச் சொல்லலாம். ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்கும் ஷரத்து பெரும்பாலும் ராஜினாமா செய்தால் என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தவரிடம் அந்தப் பணத்தையும் பிடித்துவிடுவார்கள். வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஷரத்தைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது. கணக்கை முடிக்க 45 நாள் ஆகும் என்பதும் பழைய பழக்கம். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் விலகினாலும் நிலுவைச் சம்பளம் இரண்டு வேலை நாளில் தரப்பட வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள்.

ஐந்தாண்டு முடியவில்லையே என்று கிராஜுவிட்டியைக் கைகழுவி விடுகிறவர்களும் உண்டு. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது.

சம்பளக் குறைப்புக்கு வருகிறேன். வேலை போவதைவிட இது மேல் என்று நினைத்து, வந்த லிங்கில் 'சம்மதம்' என்று அழுத்திவிடுகிறார்கள். எதைக் குறைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிராஜுவிட்டி கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணிபுரிந்த ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். மேலே சொன்ன 60,000 ரூபாய்க்காரருக்கு 12 ஆண்டுக்கு 4,15,385 ரூபாய். அதே ஊதியத்தை 20 சதவீதம் குறைத்து 48,000 ஆக்கி, மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினால் 3,32,308. மூன்று மாதக் குறைப்புக்காக 12 ஆண்டு உழைப்பில் 83,077 ரூபாய் கரைந்துவிடுகிறது. ஆட்குறைப்பு இழப்பீடும் விடுப்புச் சம்பளமும் இதே வழியில் இறங்கும்.

ஆகவே சம்மதம் சொல்லும் முன் பதில் வாங்க வேண்டியவை: குறைப்பா, தள்ளிவைப்பா? தள்ளிவைப்பு என்றால் எந்த மாதம் திரும்ப வரும்? குறைப்பு என்றால் எந்தத் தேதியோடு முடியும்? அடிப்படைச் சம்பளத்தில் கைவைக்காமல் வேரியபிளில் (செயல்திறனைப் பொறுத்து மாறும் பகுதியில்) பிடிக்க முடியுமா? இதையெல்லாம் விட முக்கியம் ஒரு வரி: இந்தக் காலத்தில் பணி முடிவுக்கு வந்தால் எல்லாக் கணக்கும் குறைப்புக்கு முந்தைய ஊதியத்தில்தான். பல ஹெச்.ஆர். அதிகாரிகள் இதை மறுப்பதில்லை, கேட்பவர்தான் இல்லை. ஊதிய நிபந்தனையை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

கைக்கு வந்த பணத்தை என்ன செய்வது? செட்டில்மென்ட் தொகையை அப்படியே வீட்டுக்கடனில் கட்டிவிடுவது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு. வங்கியில் கட்டிய பணம் அடுத்த மாத மளிகைக்குத் திரும்பி வராது. தவணைக் காலத்தை நீட்டினால் தப்பிக்கலாம் என்பதும் முழு உண்மை இல்லை. 40 லட்ச ரூபாய்க் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 34,713. அதையே 30 ஆண்டாக்கினால் 30,757. மாதம் நாலாயிரம்கூடக் குறையவில்லை. கட்டும் வட்டி மட்டும் சுமார் 27 லட்சம் கூடுகிறது. சில மாதத்துக்குத் தவணையைக் குறைத்தோ ஒத்திவைத்தோ தர முடியுமா என்று வங்கியிடம் கேட்பதே பயன் தரும். அதையும் முதல் தவணை தவறுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அதன்பிறகு பேச்சின் தொனியே மாறிவிடும்.

பி.எஃப். பணத்தைக் கடைசிக் கை என்று வையுங்கள். 10 ஆண்டுப் பணி சேர்ந்தால்தான் ஓய்வூதியம். நடுவில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஐந்தாண்டுக்குள் எடுத்தால் வரி உண்டு. ஆனால் நிறுவனம் தொழிலைச் சுருக்கியதாலோ, ஊழியரின் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணத்தாலோ வேலை போனவருக்கு அந்த வரி விலக்கு. இங்கேயும் பாருங்கள், ராஜினாமா என்ற சொல் குறுக்கே வந்து நிற்கிறது.

மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு பொதுவாக முடிந்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெற்றோரைப் புதிய பாலிசியில் சேர்த்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரும். குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால், காத்திருந்த காலம் கணக்கில் வரும். பாலிசி உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் கேட்டால்தான் இது நடக்கும்.

ஆசிரியர் அவர்களே, ஆட்குறைப்பு என்றால் அரசுக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்று மேலே எழுதினோம். எல்லாம் ராஜினாமாவாகப் பதிவானால் அந்த நோட்டீஸ் ஒன்றுகூடப் போகாது. எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று அரசிடம் எண்ணும் இருக்காது. விலகிய ஊழியர், நிறுவனம் கேட்டதால் விலகினேன் என்று நேரடியாகப் பதிவு செய்ய தொழிலாளர் துறை இணையத்தில் ஒரு படிவம் வைத்தால் போதும், உண்மை நிலவரம் ஓரளவு தெரிந்துவிடும். அதுவரை, தாமாகவே விலகினார்கள் என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது உங்கள் நிருபர் இரண்டு கேள்வி கேட்கட்டும். அந்த வாரத்தில் மட்டும் எத்தனை பேர் தாமாகவே விலகினார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு லேப்டாப் அன்றைக்கே முடக்கப்பட்டது?

இப்படிக்கு,
சம்பளக் கணக்கும் தொழிலாளர் சட்டமும் அறிந்த வாசகர்கள்