ஊதுபத்தியைப் பிடித்துப் பார், தாயி

தாயி,

நேற்று வீடியோவில் நீ காட்டிய, உன் வீட்டு எண்ணெய் ஹீட்டரின் புகைக்குழாய் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஹாலிஃபாக்ஸ் குளிரில் ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் பத்து நிமிடம் எண்ணெய் நாற்றம், அப்புறம் தானாகப் போய்விடுகிறது என்று சாதாரணமாகச் சொல்கிறாய். நாற்றம்தான் போகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. மண்டபம் கடற்கரையில் ஒரு விசைப்படகில் சைலன்சர் மூட்டில் பேக்கிங் போயிருந்ததைக் கவனிக்காமல் எஞ்சின் அறைக்குள் அரைமணி நேரம் குனிந்து வேலை பார்த்துவிட்டு, வெளியே வந்து வாந்தியெடுத்துச் சாய்ந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதனால் முதல் வேலையாகப் படுக்கையறைப் பக்கம் அதற்கான அலாரம் ஒன்று மாட்டு, இன்றைக்கே. அது அலறினாலோ, வீட்டில் யாருக்காவது தலை வலித்துக் குமட்டினாலோ, பேரனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டுத்தான் மற்றது.

சரி, குழாய்க்கு வருகிறேன். அதில் ஊஞ்சல் மாதிரி ஆடுகிற தகடு இருக்கிறதல்லவா, அதன் விளிம்பில் கரி படிந்திருந்தது. அறைக் காற்றை உள்ளே வாங்கத்தான் அந்தத் தகடு. வெளிப்பக்கம் கரி என்றால் புகை அதன் வழியாக உன் வீட்டுக்குள் திரும்பி வருகிறது. மாப்பிள்ளை டேப் ஒட்டிவிடலாமா என்றாராம். வேண்டவே வேண்டாம்.

ஹீட்டர் ஓடும்போது ஊதுபத்தியை அந்தத் தகட்டருகே பிடி. புகை உள்ளே போனால் இழுவை, அதாவது புகைபோக்கி புகையை மேலே இழுக்கும் சக்தி, இருக்கிறது. அப்புறம் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனையும் துணி காயவைக்கும் மெஷினையும் போட்டுப் பார். புகை உன் பக்கம் திரும்பினால் உடனே ஜன்னலைத் திற. திறந்ததும் மறுபடி உள்ளே போனால் வீட்டுக்குள் காற்றுப் பஞ்சம். பழைய வீட்டில் வாடைக்காற்றுக்குப் பயந்து அப்பத்தா அடுப்படிக் கதவைச் சாத்தினால் புகைக்கூண்டு இருந்தும் வீடெல்லாம் புகை, கதவை இரண்டு விரற்கடை நீக்கினால் சுர்ரென்று மேலே ஏறிவிடும். போன கோடையில் ஜன்னலையெல்லாம் காற்றுப் புகாதபடி மாற்றினீர்களே, என் சந்தேகம் அங்கேதான்.

ஜன்னல் திறந்தும் திரும்பி வந்தால் புகைபோக்கிதான். கரியோ பறவைக் கூடோ அடைத்திருக்கலாம். வெளிச்சுவரை ஒட்டிய புகைபோக்கி என்றால் உள்ளே குளிர்காற்று கனத்துக் கிடக்கும், சூடேறும் வரை இழுக்காது. உன் பத்து நிமிடக் கணக்குக்கு இதுவும் பொருந்துகிறது.

போனமுறை வந்த மெக்கானிக், எண்ணெயைப் பீய்ச்சும் நாசிலை மாற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார் என்றாய். நாசில் சரியாகப் பீய்ச்சாவிட்டாலும் நம் படகு இன்ஜெக்டர் மாதிரி கரும்புகை கக்கும், ஆனால் இழுவையை அளக்காமல் அதை மட்டும் மாற்றி என்ன பிரயோஜனம்? இந்தமுறை கருவி வைத்து அளக்கச் சொல். புகைக்குழாயில் பொதுவாக 0.04 அங்குலத் தண்ணீர் அளவு இழுவை எதிர்பார்ப்பார்கள். அதாவது தண்ணீரை ஒரு மில்லிமீட்டர் உயரம் தூக்கும் அழுத்தம்தான், அதனால்தான் ஒரு ஃபேன் போட்டாலே கவிழ்ந்துவிடுகிறது.

இன்னொன்று, ஹீட்டர் நின்றுபோனால் மறுபடி ஓடவைக்கும் அந்தச் சிவப்புப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்காதே. எரியாத எண்ணெய் உள்ளே தேங்கி, பற்றும்போது குப்பென்று பிடிக்கும்.

பார்த்துவிட்டுக் கூப்பிடு. நான் கரையில்தான் இருப்பேன், எஞ்சின் சத்தத்தில் எடுக்காவிட்டால் அம்மா போனுக்கு அடி.

அப்பா