போன் அலர்ட் குடுத்துச்சு, பார்க்கத்தான் ஆள் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுலயே எலெக்ட்ரானிக் மிஷின் வச்சு ஆஸ்துமா அட்டாக் வரப்போறத முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்னு போன வாரம் உங்க பேப்பர்ல வந்தத படிச்சேன். நான் தண்டையார்பேட்டையில ஒரு மெடிக்கல் ஷாப்ல பில்லிங்ல இருக்கேன், எம் பொண்ணுக்கு பதினோரு வயசு, நாலு வயசுலேர்ந்து வீசிங். அந்த மிஷின் எங்க வீட்டுல ஒன்றரை வருஷமா இருக்கு. நீங்க போட்டது தப்புன்னு சொல்ல வரல, பாதிதான் போட்டிருக்கீங்க.

மொதல்ல எங்ககிட்ட இருந்தது சாதா பீக் ஃப்ளோ மீட்டர், மூச்ச எவ்ளோ வேகமா வெளிய ஊதறோம்னு அளக்கறது. பிளாஸ்டிக் குழாய், மேல ஒரு முள்ளு, அவ்ளோதான். நின்னுக்கிட்டு மூச்ச முழுசா இழுத்து, உதட்ட இறுக்கி வச்சு, ஒரே ஊதா வேகமா ஊதணும், மூணு தடவை ஊதி எது அதிகமோ அத நோட்டுல எழுதணும், காலையில ஒருக்கா ராத்திரி ஒருக்கா. நல்லா இருக்கற நாள்ல எம் பொண்ணு 280 ஊதுவா. அதுல எண்பது சதவீதத்துக்கு மேல இருந்தா பச்சை, ஐம்பதுலேர்ந்து எண்பது வரைக்கும் மஞ்சள், ஐம்பதுக்கு கீழ சிவப்பு, அதாவது இவளுக்கு 224க்கு கீழ இறங்குனா உஷாராகணும், 140க்கு கீழ போனா யோசிக்காம ஆட்டோவ கூப்பிடணும். இது ஆளாளுக்கு மாறும், பக்கத்து வீட்டுப் புள்ள நம்பர வச்சு நம்ம புள்ளைக்கு கணக்கு போடக்கூடாது.

ஒருநாள் நோட்ட பொரட்டி பார்த்தேன், பத்து நாளும் 260, 270, 260, 260, எல்லாம் ஒரே பேனா, எழுத்துகூட ஒரே சாய்வு. டாக்டர்கிட்ட போற அன்னைக்கு காலையில உக்காந்து மொத்தத்தையும் எழுதியிருக்கா! டாக்டர் சிரிச்சுட்டு, பெரியவங்களே இப்படித்தாம்மா பண்றாங்கன்னாரு. அதுக்கு அப்புறம்தான் சீட்டுப் பணம் எடுத்து, அதே மீட்டர்லயே போனோட சேர்ற ப்ளூடூத் மிஷின் வாங்குனோம். ஊதுனா தேதி, நேரம் எல்லாம் தானா போன்ல ஏறிடும், கிராஃப் போட்டு காட்டும், ஏமாத்த முடியாது.

இப்ப நடந்தத சொல்றேன். போன போகிக்கு நாலு நாள் முன்னாடி அவளுக்கு லேசா சளி புடிச்சுது. எங்க ஏரியாவ பத்தி உங்களுக்கு சொல்ல வேணாம், எண்ணூர் ஹைரோடுல கன்டெய்னர் லாரி நிக்காம ஓடும், கொடுங்கையூர் குப்பைமேடு புகைஞ்சா வாசனை வீடு வரைக்கும் வரும், 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல அமோனியா கசிஞ்சு ஜனங்க தூக்கத்துலேர்ந்து எழுந்து ஓடுனத யாரும் இன்னும் மறக்கல. அதுக்கு மேல போகிக்கு டயர் கொளுத்துவாங்க. எப்பவும் போல சமாளிச்சிடலாம்னு இருந்தேன். போகி அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து உக்காந்துட்டா, படுக்கவே முடியல, தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்குது, கழுத்துக்குழி உள்ள இழுக்குது, நாலு வார்த்தை சேர்த்து பேச முடியல. வீட்டுக்காரர் கொரோனா டைம்ல வாங்குன பல்ஸ் ஆக்ஸிமீட்டர எடுத்து விரல்ல மாட்டுனாரு. 97. ஆக்ஸிஜன் நல்லாதான இருக்கு, காலையில பாத்துக்கலாம்னாரு. எனக்கு மனசு கேக்கல, மீட்டர குடுத்து ஊத சொன்னேன், 130. அவசரத்துக்கு இழுக்கற நீல இன்ஹேலர, அதான் நீல பஃப்ப, ஸ்பேசர்ங்கற பிளாஸ்டிக் டப்பால மாட்டி குடுத்துட்டே ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரி போய் நெபுலைசர் வச்சு, விடிஞ்சப்புறம்தான் அவ மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்துச்சு. ஆஸ்துமால ஆக்ஸிஜன் கடைசியிலதான் இறங்குமாம், மூச்சுக்குழாய் சுருங்கி புள்ள அல்லாடிட்டு இருக்கும்போதும் விரல்ல 97 காட்டும். வீட்டுக்கு வீடு அந்த கிளிப் கிடக்கு, அதனால இத தயவுசெஞ்சு பெரிய எழுத்துல போடுங்க.

ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்காரர் போன்ல அந்த ஆப்ப தொறந்து பார்த்தேன். வயிறு எரிஞ்சுது சார். 270, 250, 230, 210ன்னு நாலு நாளா படி இறங்குற மாதிரி இறங்கியிருக்கு. அட்டாக் திடீர்னு வரல, மிஷின் நாலு நாளா சொல்லிட்டுதான் இருந்திருக்கு. அலர்ட் கூட வந்திருக்கு, போகிக்கு முந்தின நாளே. இங்கிலீஷ்ல, உங்க டாக்டர தொடர்பு கொள்ளவும்னு ஒரு வரி, கேஸ் சிலிண்டர் மெசேஜுக்கும் பர்சனல் லோன் மெசேஜுக்கும் நடுவுல. மிஷின் அவர் நம்பர்ல பதிவாயிருக்கு, அவர் ஹார்பர்ல ஷிப்டு, போன் சைலன்ட்ல. பொண்ணு தினமும் ஒழுங்காதான் ஊதியிருக்கா, போன்ல ஏறிடுதேன்னு நானும் நம்பர் கேக்கறத விட்டுட்டேன். பழைய நோட்டு இருந்திருந்தா அட்லீஸ்ட் ராத்திரி சோறு போடறப்ப என்னடி இன்னைக்கு எவ்ளோன்னு கேட்டிருப்பேன்.

இத டாக்டர்கிட்ட சொன்னப்ப அவர் ஒரு விஷயம் சொன்னாரு. இங்கிலாந்துல 288 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி, 2012ல வெளியாச்சாம், பாதிப் பேர் போன்ல ரீடிங் அனுப்புனாங்க, பாதிப் பேர் பேப்பர்ல எழுதுனாங்க, ரெண்டு பக்கமும் டாக்டர் கவனிப்பு ஒரே மாதிரி, ஆறு மாசம் கழிச்சு பார்த்தா பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லையாம். அப்படியே ஒரு ஷீட்டுல தமிழ்லயே எழுதி குடுத்தாரு, பச்சைனா வழக்கமா எடுக்கற மருந்த நிறுத்தாத, மஞ்சள்னா எந்த மருந்த எவ்ளோ கூட்டணும், எத்தனை மணி நேரத்துல ஏறலன்னா யாருக்கு போன் பண்ணணும், சிவப்புனா நீல பஃப் குடுத்துக்கிட்டே கிளம்பிடு. அது இப்ப ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. ஆப்ப என் நம்பருக்கு மாத்திட்டேன். ஐப்பசி மழையில ஒருக்கா 215க்கு இறங்குச்சு, ஷீட்டுல இருந்தத செஞ்சோம், மூணு நாள்ல 260க்கு வந்துட்டா, ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கல. (எங்க மாமியார் மட்டும் இன்னும் ஐதராபாத் கூட்டிட்டு போய் மீன் மருந்து முழுங்க வைக்கணும்னு சொல்லிட்டு இருக்காங்க, அது தனிக்கதை.)

கடை விஷயத்துக்கு வரேன். பில் போடறப்ப கஸ்டமர் போன் நம்பர அடிப்போம், பழைய பில்லெல்லாம் வரிசையா வரும். ஒரு அண்ணன், மார்க்கெட்ல மூட்டை தூக்கறவரு, பதினஞ்சு நாளைக்கு ஒரு நீல இன்ஹேலர். ஒரு டப்பால 200 பஃப். வருஷத்துக்கு மூணு டப்பாவுக்கு மேல போச்சுன்னாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டுல இல்லன்னு அர்த்தம், பன்னெண்டுக்கு மேல போனா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டருங்க சொல்றாங்க, இவர் கணக்குக்கு இருபத்தி நாலு. நீல இன்ஹேலர் சுருங்குன மூச்சுக்குழாய அப்போதைக்கு விரிக்கும், உள்ள இருக்கற வீக்கத்த குறைக்கறது தினமும் எடுக்கற ஸ்டீராய்டு இன்ஹேலர். அத சொன்னா, அதெல்லாம் பழக்கமாயிடும்மா வேணாம்ங்கறாரு. எங்க கடை கம்ப்யூட்டரும் ஒரு மானிட்டர் மிஷின்தான் சார், அவருக்கு சீக்கிரமே பெரிய அட்டாக் வரலாம்னு அதுல தெரியுது. ஆனா நான் யார்கிட்ட சொல்ல?

மணலியில, கொடுங்கையூர்ல, ராயபுரத்துல காத்துல இருக்கற மாச அளக்க மிஷின் வச்சிருக்காங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுலேர்ந்து பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி வந்து பார்க்கறாங்க, எங்க தெரு பாட்டிங்க அந்தம்மா வர்ற நாளுக்கு காத்துட்டே இருப்பாங்க, நல்ல திட்டம். அவங்க கொண்டு வர்ற பையில அறுநூறு எழுநூறு ரூபா பீக் ஃப்ளோ மீட்டர் ஒண்ணு போட எவ்ளோ ஆயிடும்? ப்ளூடூத் கூட வேணாம். ஆஸ்துமா இருக்கற வீட்டுக்கு ஒரு மீட்டர், தமிழ்ல கலர் ஷீட்டு ஒண்ணு, மஞ்சளுக்கு வந்தா வாட்ஸ்அப்ல நம்பர் அனுப்ப ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு நர்ஸ் நம்பர், ராத்திரியிலயும் எடுக்கற மாதிரி. மிஷின அப்புறம் எவ்ளோ ஸ்மார்ட்டா வேணா மாத்திக்கலாம், மொதல்ல அந்த நர்ஸ வடசென்னையில போடுங்கன்னு நீங்க எழுதுனா அதிகாரிங்க காதுல விழும்.

கடிதத்த போட்டீங்கன்னா பேர் போடாதீங்க சார். பொண்ணுக்கு ஆஸ்துமான்னு தெரிஞ்சா நாளைக்கு கல்யாணப் பேச்சுல இழுப்பாங்கன்னு வீட்டுல பயப்படறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்லன்னாலும் இப்போதைக்கு சண்டை வேணாம்.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப் ஊழியர்,
தண்டையார்பேட்டை, சென்னை