மைதானம் இல்லை என்று சொல்லும் தலைமை ஆசிரியர்களுக்கு

வடசென்னைப் பள்ளிகளின் மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களே, வணக்கம்.

தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் 28 ஆண்டுகள் விசில் ஊதி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன் நான். பள்ளியின் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. என் பி.டி. பீரியட் கணக்குக்கும் அறிவியலுக்கும் போன ஒவ்வொரு முறையும் கேட்ட சமாதானம் ஒன்றுதான்: “நமக்கு மைதானம் எங்கே சார் இருக்கிறது?”

அது பொய்யும் இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றில் விளையாட்டுத் திடலையும் சேர்த்திருக்கிறது. ஆனால் சந்துக்குள் மாடி மேல் மாடியாக எழும்பிய நம் பள்ளிகள் சிலவற்றில் காலை வழிபாட்டுக்கு நிற்கவே இடம் போதாது. மைதானம் கேட்டு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அது வரும்வரை பீரியடைத் தாரைவார்ப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உடல்தகுதியைப் பாடப்புத்தகம் இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று ஆரோக்கியம் சார்ந்தது: மூச்சுத் தாக்குப்பிடிப்பது, தசை வலு, வளைந்துகொடுப்பது போன்றவை. மற்றது திறன் சார்ந்தது. அதில் ஆறு உண்டு: வேகம், சுறுசுறுப்பு, சமநிலை, ஒருங்கிணைப்பு, வெடிதிறன் (ஒரே உந்தில் பலத்தைக் காட்டுவது), எதிர்வினை நேரம். ‘சுறுசுறுப்பு’ என்றதும் காலையில் சீக்கிரம் எழுவது என்று நினைத்துவிட வேண்டாம். கபடியில் ரெய்டு போனவன் நான்கு பேர் கைக்கு நடுவே உடம்பைத் திருப்பி நழுவி வருகிறானே, அதுதான். இந்த ஆறில் நீளமான இடம் கண்டிப்பாகத் தேவைப்படுவது வேகத்துக்கு மட்டும். சுறுசுறுப்புக்குப் பத்து மீட்டர் இருந்தால் போதும். மற்ற நான்கும் ஒரு வகுப்பறைக்குள் அடங்கும்.

எதிர்வினை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்று போதும். மாணவனின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பூஜ்ஜியம் வருமாறு பிடித்து, சொல்லாமல் விட வேண்டும். எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடிக்கிறான் என்று பார்க்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் ஏறக்குறைய 0.20 வினாடி. கீழே விழும் பொருளின் கணக்குத்தான். உங்கள் இயற்பியல் ஆசிரியருக்கே இது ஒரு பாடம் நடத்த உதவும். ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிவிட்டு விட்டால் எல்லோருமே சூரர்கள் ஆகிவிடுவார்கள், அதனால் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு வருடம் எட்டாம் வகுப்பில் இதைச் செய்தேன். 600 மீட்டர் ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக மூச்சிரைக்க வரும் ஒரு பையன் இருந்தான். அவனை நானே ‘மந்தம்’ என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன். அவன் அளவுகோலை 11-இல் பிடித்தான். தற்செயல் என்று எண்ணி மூன்று முறை விட்டேன்; மூன்று முறையும் 12-ஐத் தாண்டவில்லை. 0.15 வினாடிக்குப் பக்கம். விசாரித்தால், காசிமேட்டில் அவன் வீட்டுச் சந்தில் கோல்கீப்பராக நிற்பானாம். அன்று மாலையே பதிவேட்டில் அந்தச் சொல்லை அடித்தேன்.

மத்திய அரசின் கேலோ இந்தியா உடல்தகுதிச் சோதனையிலும், ஓட்டத்தைப் பார்த்துத் திறனை விட்டுவிடும் இந்தக் குறை உண்டு. 5 முதல் 8 வயது வரை ஒற்றைக்காலில் நிற்பதும் கையால் தட்டுகளை மாறி மாறித் தொடுவதும் இருக்கின்றன. 9 வயதிலிருந்து 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்வளைவது, வயிற்றுப் பயிற்சி, புஷ்-அப், உயரம்-எடை. திறன் சார்ந்த ஆறில் வேகம் மட்டும் மிஞ்சுகிறது. நம் பிள்ளைகள் எதில் கெட்டியோ, அதைக் கேட்கவே ஆளில்லை.

கெட்டி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் பிரான்ஸில் உலக கேரம் பட்டம் வென்றார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னை காசிமா மூன்று தங்கம் வாங்கினார். கேரம் என்றால் கண்ணும் விரலும் ஒருங்கிணைவது. இதற்கு எத்தனை சதுர அடி மைதானம் வேண்டும்?

பாண்டி ஆடும் சிறுமி ஒற்றைக்காலில் குனிந்து சில்லை எடுக்கிறாள். சமநிலைக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் எந்தப் பயிற்சி முகாமிலும் பார்த்ததில்லை. அஞ்சாங்கல்லும் ஒருங்கிணைப்புத்தான். அதோடு, சுவரில் பந்தை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்கச் சொல்லி, 30 வினாடியில் எத்தனை என்று எண்ணுங்கள். சுறுசுறுப்புக்குப் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள், இரண்டு மரக்கட்டைகள்; ஓடிப்போய்க் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வர வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இந்த ஓட்டத்தை மொசைக் வராந்தாவில் வைக்காதீர்கள். சறுக்கி முழங்கால் போகும். சொரசொரப்பான சிமென்ட் முற்றம் போதும். வெடிதிறனுக்காக நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டச் சொன்னால் கீழே மணலோ பாயோ இருக்கட்டும். மதியம் சாப்பிட்ட கையோடு எதுவும் வேண்டாம்.

‘பொதுத்தேர்வு வருகிறதே’ என்பீர்கள். பத்தாம் வகுப்பை விட்டுவிடுங்கள், அதற்கு உங்களோடு வாதாடும் தெம்பு எனக்கு இல்லை. நான் கேட்பது ஆறாம், ஏழாம் வகுப்புகளின் வாரம் இரண்டு பீரியட். பருவத்துக்கு ஒரு முறை வேகம் நீங்கலாக மற்ற ஐந்து அளவுகளையும் எடுத்து, மதிப்பெண் அட்டையோடு ஒரு தாளாகப் பெற்றோரிடம் கொடுங்கள். தரவரிசை வேண்டாம், போன பருவத்து எண்ணுக்குப் பக்கத்தில் இந்தப் பருவத்து எண், அவ்வளவுதான்.

எப்படி அளப்பது என்று உங்கள் ஆசிரியர்களுக்குக் காட்ட வேண்டுமானால், எந்தச் சனிக்கிழமையும் வருகிறேன். அளவுகோல், சுண்ணாம்புக் கட்டி, டென்னிஸ் பந்து மூன்றும் என் பையிலேயே இருக்கின்றன. மரக்கட்டை இரண்டை மட்டும் உங்கள் பள்ளியில் தேடி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் உடற்கல்வி ஆசிரியர்,
தண்டையார்பேட்டை