ரோப் கட்டும் முன் மரத்துக்கு ஒரு சாக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சம்பா அறுவடை நெருங்குகிறது. பொங்கலை ஒட்டி ஒரு மழை பெய்தால் போதும், ஈர வயலில், சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டியே புதைந்துவிடும். அப்புறம் என்ன செய்வோம்? கரையில் நிற்கும் மரத்தில் இரும்பு ரோப்பைச் சுற்றி, கப்பி மாட்டி, டிராக்டரை விட்டு இழுப்போம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வாய்க்கால் கரை வேம்பில் அப்படித்தான் கட்டினார்கள். என் அம்மா வைத்த மரம். "ஒரு இழுப்புத்தாங்க, மரத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் டிரைவர். நானும் சரி என்றேன். வண்டி கரையேறிவிட்டது. ரோப்பை அவிழ்த்துப் பார்த்தால், அது வழுக்கிப் போன இடமெல்லாம் மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை நார்நாராக உரிந்து கிடந்தது. உள்ளே வெள்ளைக் கட்டை ஈரமாகப் பளபளத்தது.

அந்தச் சித்திரையில் மரம் வழக்கம்போல் பூத்தது. பிழைத்துக்கொண்டது என்றே நம்பினேன். ஆனால் காயத்துக்கு மேலே அடிமரம் வளையம்போல வீங்கிக்கொண்டே வந்தது. கீழ்ப்பக்கம் பருக்கவே இல்லை. போன வருஷம் இலை சிறுத்து உச்சிக் கிளைகள் காய்ந்தன. இந்த ஐப்பசி மழைக்கும் துளிர்க்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே போகிறது. இலை சமைக்கும் உணவோ பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். பட்டை சுற்றிலும் அறுந்தால் உணவு மேலேயே தேங்கி அந்த இடம் வீங்கும், வேர் பட்டினி கிடக்கும். சேமிப்பு தீரும்வரை மரம் பச்சையாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. அதிலும் தை, மாசியில் துளிர் விடத் தயாராகும் மரத்தின் பட்டை லேசில் கழன்றுவிடும்.

மரத்தில் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நெல் நனைந்துகொண்டிருக்கும்போது வேறு வழி இருக்காது. ஆனால் வெறும் ரோப்பை மரத்தில் படவிடாதீர்கள். லாரியில் சரக்கு தூக்கும் நாலு விரல் அகல நைலான் பெல்ட் கடைகளில் கிடைக்கிறது. அதை மரத்தின் பின்புறமாகக் கொடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டினால் சுருக்கு விழாது, பெல்ட் நகராது. பெல்ட் இல்லையென்றால் சாக்கை நாலாக மடித்துச் சுற்றி, அதன்மேல் மூங்கில் பிளாச்சுகளை நெட்டுக்குத்தாக நெருக்கி வைத்துக் கட்டிவிட்டு ரோப்பைப் போடலாம். எதுவானாலும் தரையை ஒட்டிக் கட்ட வேண்டும். உயரத்தில் கட்டினால் நெம்புகோல் மாதிரி மரத்தையே சாய்த்துவிடும். நனைந்த கரை மண் தாங்காது. கப்பி மாட்டி ரோப்பைத் திருப்பி இழுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிராக்டர் இரண்டு டன் இழுத்தால், கப்பி கட்டிய மரத்தின் மேல் கிட்டத்தட்ட நாலு டன் விழும். ஒல்லியான பூவரசில் அதை மாட்டலாமா?

தென்னையை மட்டும் விட்டுவிடுங்கள். வேம்பு, புங்கன் போலக் காயத்தை மூடி வளர அதற்குப் பட்டை கிடையாது. ஒருமுறை பட்ட காயம் ஆயுசுக்கும் அப்படியே நிற்கும். அந்தக் காயத்தைத் தேடித்தான் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பேராவூரணிப் பக்கம் என் மச்சான் சாய்ந்த தென்னங்கன்றுகளை நிமிர்த்தி நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினார். கட்டியது நல்ல காரியம், அவிழ்க்க மறந்துவிட்டார். இரண்டு கன்றில் கயிறு தண்டுக்குள்ளேயே புதைந்துபோயிருந்தது.

வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் அறுவடை வண்டிகளிலும், தனியார் வண்டிகளிலும் வண்டிக்கொரு அகல நைலான் பெல்ட்டை டூல்ஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டியின் வாடகையோடு பார்த்தால் அது பெரிய செலவே அல்ல.

எங்கள் கரையில் இன்னும் இரண்டு புங்கமரம் நிற்கிறது. சாக்கும் பிளாச்சும் திண்ணையில் எடுத்து வைத்துவிட்டேன். இந்தத் தையில் யார் வண்டி புதைந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.