பழத்தோல் கரைசல்: மூடியை இறுக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த, பழத்தோலைப் புளிக்க வைத்து வீடு துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் எடுக்கிற பழத்தோல் கரைசல் குறிப்பைப் பார்த்து எங்கள் வளவில் மட்டும் நாலு வீட்டில் போட்டோம். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் என்று அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. "காற்றுப் புகாமல் இறுக்கி மூடவும்" என்ற வரிக்குக் கீழே "முதல் ஒரு மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடவும்" என்று இன்னொரு வரி வந்திருக்க வேண்டும். அது இல்லை.

ஐந்தாம் நாள் ராத்திரி அடுப்படியில் என் கண்ணாடி பாட்டில் வெடித்தது. "சிலிண்டரா அம்மிணி?" என்று மாமியார் பதறி எழுந்தார். சாத்துக்குடித் தோல் சுவரில் அப்பியிருந்தது, அது போகட்டும், கண்ணாடிச் சில்லு திறந்திருந்த அரிசி மூட்டைக்குள் போய்விட்டது, பொடிச் சில்லு எங்கே இருக்கிறது என்று எப்படிப் பொறுக்குவது, பாதி மூட்டை அரிசியை அப்படியே குழி தோண்டிக் கொட்டினோம். பகலில் நடந்திருந்தால் அந்த இடத்தில்தான் என் பெண் உட்கார்ந்து படிப்பாள். பக்கத்து வீட்டில் குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டிருந்தார்கள். அது வெடிக்கவில்லை, ஆனால் அடிப்பக்கம் பந்து மாதிரி உப்பி, நிற்க முடியாமல் சாய்ந்து கிடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வெல்லம் போடுகிறோம். அது முழுக்கப் புளித்தால் ஏறக்குறைய 20 லிட்டர் கரியமில வாயு வரும். பாட்டிலில் நாம் விட்டு வைக்கிற இடமோ ஒரு டம்ளர். அதிலும் நம் ஈரோட்டுப் பக்கத்து வெயில் 40 டிகிரியைத் தொடும்போது எப்படிப் புளிக்கும் என்று தோசை மாவு ஆட்டுகிற எல்லாருக்கும் தெரியும். புளிக்கும்போது கரைசல் தானாகவும் சூடாகும், அந்தச் சூட்டில் இன்னும் வேகமாகப் புளிக்கும்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். அங்கே வீட்டில் பீர் காய்ச்ச சட்டம் இடம் கொடுக்கிறது. நம் ஊரில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம், அந்தப் பேச்சுக்கு நான் வரவில்லை. ஆனால் பொங்குகிற சங்கதி இரண்டுக்கும் ஒன்றுதான். "அத்தை, முதல் சில நாள் நுரை ரொம்ப ஆபத்து, மேலே வந்து வாயை அடைச்சிடும், அதனால கால்வாசி காலியா விடுவோம், சின்னக் குழாய் வைக்காம விரல் தண்டிக் குழாயா மூடியில சொருகி மறுமுனையை வாளித் தண்ணிக்குள்ள விடுவோம்" என்றான். வாயு குமிழாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் இதற்குப் போதும். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன், பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஈரத்துணி சுற்றியிருக்கிறேன், பொங்குவது நன்றாக அடங்கிவிட்டது. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தையே (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்க வைக்கிற பயிர்க் கரைசல்) எடுத்துக்கொள்ளுங்கள், வாயகன்ற பாத்திரத்தில் துணி கட்டித் தினமும் கலக்கிவிடுவோம், யாரும் அதை இறுக்கி மூடுவதில்லையே.

ஏற்கனவே உப்பிப் போன பாட்டில் வைத்திருப்பவர்கள் அதைக் குலுக்க வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டில் என்றால் ஈரச்சாக்கில் சுற்றிக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் வையுங்கள். அப்புறம் வாசலுக்குக் கொண்டுபோய், முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியைக் கொஞ்சமே கொஞ்சம் திருகுங்கள். நுரை ஏறினால் உடனே முடுக்கிவிட்டுப் பொறுத்திருந்து மறுபடி திருகுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இன்னும் திறக்காதவர்கள் அதை வெறும் கையால் தொடவே வேண்டாம், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் கனமான போர்வையை மேலே போட்டு வையுங்கள், விவரம் தெரிந்தவர்களை வைத்துத்தான் திறக்க வேண்டும்.

மாம்பழக் காலம் வருகிறது, வீட்டுக்கு வீடு தோல் சேரும். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த விட்டுப்போன வரியைக் கட்டம் கட்டிப் போடுங்கள், தயவுசெய்து.

ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்